கணக்கன் ஏடும் கற்போர் நூலும்

மக்கள் அடிமைப்பட்ட வரலாற்றை எழுதுவோர் வாளைப் பற்றி எழுதுகின்றனர். விலங்கைப் பற்றி எழுதுகின்றனர். மந்திரத்தைப் பற்றியும் எழுதுகின்றனர். கணக்கைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், உழுதவன் எவ்வளவு நிலத்தை உழுதான், எவ்வளவு வரி செலுத்தக் கடமைப்பட்டான் என்பதை ஆண்டுதோறும் முடிவு செய்தது வாளன்று, ஓர் ஏடு. நிலம் உழவன் காலடியில் கிடந்தது. அந்நிலத்தின் அளவோ கணக்கன் ஏட்டில் கிடந்தது. ஏர் பிடித்த கைக்கு ஏடு பிடிக்கத் தெரியாது. ஏடு பிடித்த கை, தன் பிள்ளைக்கன்றிப் பிறர் பிள்ளைக்கு அதனைக் கற்பித்தது அரிது.

பயன்முறைக் கணிதம் என்று இன்று கல்லூரிகளில் பெயர் சூட்டப்பெற்றுள்ள துறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. நிலம் அளப்பது, நீர் அளப்பது, கூலி கணக்கிடுவது, கட்டடத்தின் சுமையைத் தாங்கும் தூணின் பருமனை வரையறுப்பது ஆகிய அனைத்தும் அதன் பணிகள். அதனைக் கற்க எந்த நூலைக் கொள்வது, ஐயம் எழுந்தபோது புரட்டிப் பார்க்க எந்த நூலை வைத்துக்கொள்வது என்னும் கேள்வியை, மாணவர் விடுதியோடு முடிந்துபோகும் சிறு கேள்வி என்று எண்ணற்க. இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பக்கம் தருமபுரி மண்ணிலே எழுதப்பட்டது.

பாராமகாலின் பாடம்

இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதியும் திருப்பத்தூர் வட்டாரமும் அந்நாளில் பாராமகால் எனப் பெயர் பெற்றிருந்தன. 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் இப்பகுதியைக் கும்பினியாரிடம் விட்டுக் கொடுக்க நேர்ந்தது. நிருவாகப் பொறுப்பேற்றவர் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குத் துணையாக வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக உயர்ந்த தாமசு மன்றோ. 1799 வரை பாராமகாலில் பணியாற்றிய மன்றோ, தருமபுரியிலே தங்கி வாழ்ந்தவர். இரயத்துவாரி என்னும் வரிமுறை உருவானது இம்மண்ணில், இவர்கள் கையில்.

அம்முறையின் உயிர்நிலை யாது? இடையிலே பாளையக்காரரோ மிட்டாதாரரோ இன்றி, ஒவ்வொரு குடியானவனின் ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, பரப்புக்கு இவ்வளவு என வரி விதிப்பது. அதாவது, வரி என்பது ஒரு பெருக்கல் கணக்கு. பரப்பை வீதத்தால் பெருக்கினால் வரி. வீதத்தை உயர்த்தினால் குடியானவனுக்குத் தெரியும். அவன் கூக்குரலிடுவான், ஊரை விட்டே ஓடுவான். பரப்பு உயர்ந்தால்? அது அவன் கண்ணுக்குத் தெரியாது. நிலம் அங்குலமும் வளரவில்லை. ஏட்டில் மட்டும் வளர்ந்துவிடும். ஆகவே, எந்த விதியைக் கொண்டு அளந்தார்கள் என்பது உழவனுக்கு உயிர்க் கேள்வி ஆகிவிடுகிறது.

நான்கு மூலை நிலம்

உலகின் பல பழைய நாகரிகங்களில் நான்கு மூலை நிலத்துக்கு ஒரு விதி வழங்கி வந்தது. எதிரெதிரே உள்ள இரு பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குக, மற்ற இரு பக்கங்களையும் அவ்வாறே செய்க, இரண்டையும் பெருக்குக, பரப்பு வந்துவிடும். எகிப்தில் எட்ஃபு கோயிற் சுவர்க் கல்வெட்டுகளிலும் இவ்விதி காணப்படுகிறது. 628இல் நூல் செய்த பிரமகுப்தரும் இதனைச் சொல்கிறார். ஆனால் இது பரும்படியான அளவே, நுண்ணிய அளவன்று என்று பிரித்தே சொல்கிறார். அந்த ஓர் எச்சரிக்கையில்தான் அறிவு இருக்கிறது.

தோழர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு பக்கமும் நூறு நூறு அடி கொண்ட நிலம் ஒன்று. மூலைகள் நேராக இருந்தால் பரப்பு 10,000 சதுர அடி. விதியும் அதையே தரும். அந்நிலம் ஒருபுறம் சாய்ந்து, ஒரு மூலை 60 பாகை ஆகிவிட்டால்? பக்கங்கள் மாறவில்லை, விதி மீண்டும் 10,000 என்றே சொல்லும். உண்மைப் பரப்போ 8,660 சதுர அடிதான். 1,340 சதுர அடி, ஏறத்தாழ மூன்று சென்ட், மண்ணில் இல்லாத நிலம் ஏட்டிலே முளைத்துவிட்டது! இதில் வியப்பு என்னவெனில், இவ்விதி ஒருபோதும் குறைத்துக் காட்டாது. செம்மையான நீள்சதுரத்தில் மட்டும் சரியாக இருக்கும். மற்ற வடிவம் எதுவாயினும் கூட்டியே காட்டும். பிழை என்றும் ஒரே பக்கம் சாய்கிறது. அப்பக்கம் வரி வாங்குவோன் பக்கம்.

மாற்றும் கடினமானதன்று. நிலத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தால் போதும். நிலம் இரு முக்கோணங்களாகும். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பைப் பிழையின்றிக் காணலாம். ஒரு கயிறு! அந்த ஒரு கயிற்றைக் கேட்கும் துணிவு உழவனுக்கு வரவேண்டுமானால், விதி எங்கே பொய்க்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விதியை மட்டும் சொல்லிக் கொடுத்த ஏடு அதனைச் சொல்லாது.

பாட்டில் வந்த விதிகள்

தமிழில் கணித நூல்கள் இல்லாமல் இல்லை. 15ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் காரி நாயனாரின் கணக்கதிகாரம் நம் முன்னோர் அறிவுக்கு நல்ல சான்று. நிலம், பொன், நெல், காலம் என வாழ்க்கைக்கு வேண்டிய அளவைகள் யாவும் அதில் உண்டு. முந்திரி என்ற சொல்லால் 1/320 என்னும் பின்னத்தைக் குறித்து, அதற்கும் கீழே நுணுகிச் சென்ற தமிழ் எண்முறையைக் கண்டு நாம் பெருமை கொள்வதில் தவறில்லை. ஆனால் பெருமையோடு நின்றுவிடுவது பகுத்தறிவுக்கு அழகன்று.

அந்நூலில் வரும் இரு விதிகளை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் பரப்பை அறிய, பாதி விட்டத்தைப் பாதிச் சுற்றளவால் பெருக்கச் சொல்கிறது ஒரு பாட்டு. இது முற்றிலும் சரி. வட்டத்தைப் பல மெல்லிய கீற்றுகளாக அறுத்து, ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் அடுக்கிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நீள்சதுரம் கிடைக்கும். கீற்றுகள் மெலிய மெலிய அது செம்மையாகும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. அகலம் பாதி விட்டம். இதுவே காரணம். இன்னொரு பாட்டு, பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண வழி சொல்கிறது. காம்பருகே உள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். இது கண்டு பழகியவரின் மதிப்பீடு. ஒரு பழத்துக்குப் பொருந்தலாம், மறு பழத்துக்குப் பொருந்தாமற் போகலாம். வேண்டுமானால் பத்துப் பழங்களை அறுத்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் விதி என்றும் எங்கும் நிற்பது. இரண்டாம் விதி அனுபவக் குறிப்பு. ஆனால் இரண்டும் பாட்டு. இரண்டும் ஒரே குரலில் ஆணையிடுகின்றன. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தறிய வழியே இல்லை. ஏட்டைக் குறை கூறுவதன்று நம் நோக்கம். பனையோலையில் எழுத்தாணி கொண்டு கீறிய காலத்தில் சுருக்கம் ஒரு தேவை; நினைவில் நிற்கப் பாட்டு ஒரு கருவி. அந்த ஏடு தெரிந்தவனுக்கு நினைவூட்டும் நூல். அதனைத் தெரியாதவனுக்குக் கற்பிக்கும் நூலாக்கியதே கேடு. பார்வை நூலைப் பாடநூலாக்கிய பிழை அது.

மன்றோ கேட்ட கேள்வி

தருமபுரியில் நிலம் அளந்த மன்றோ, ஆளுநரான பின் 1822இல் மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர், எந்தச் சாதியார் என்று கேட்டதோடு, பள்ளிகளில் ஓதப்படும் நூல்களின் பெயர்களையும் எழுதியனுப்புமாறு கலெக்டர்களைக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்துரைத்த கணக்கின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள். மாணவர் 1,88,650 பேர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே! நூற்றுக்கு மூவரும் இல்லை.

பல்லாரிக் கலெக்டர் கேம்பல் அனுப்பிய விடை குறிப்பிடத்தக்கது. அவர் கண்டவை பெரும்பாலும் தெலுங்கு, கன்னடப் பள்ளிகள். மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் சிக்கனமான முறையை அவர் பாராட்டுகிறார். ஆனால், ஓதப்படும் நூல்கள் பேச்சு வழக்கிற்கு எட்டாத செய்யுள் நடையில் இருப்பதையும், நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்குப் பொருள் கிளிக்குத் தெரியும் அளவே தெரிந்திருப்பதையும் எடுத்துக்காட்டுகிறார். எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்த நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளையின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை.

ஒப்பித்த வாய்பாடு எத்தனை நாள் நிற்கும்? 1957 ஏப்ரல் 1 அன்று நாட்டில் பதின்ம நாணயம் வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு பைசு என்று பல்லாண்டு பாடிய வாய்பாடு ஒரே நாளில் பழங்கதையாயிற்று. பின்னம் என்றால் என்ன என்று புரிந்தவன் மறுநாளே புதுக் கணக்கைப் போட்டான். பாட்டை மட்டும் அறிந்தவனோ கடைக்காரன் முகத்தைப் பார்த்து நின்றான்.

ஊர்க்கணக்கு வேலையின் கதையும் இப்படியே. தந்தைக்குப் பின் மகன் என்று அவ்வேலை வழிவழி சென்றதற்கு 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காவலாக நின்றது. பிறப்பால் பதவி என்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 1960இன் இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980 நவம்பரில் தமிழக அரசு பழைய கர்ணம், மணியக்காரர் பதவிகளையே ஒழித்தது. அதன்பின் கிராம நிருவாக அலுவலர் தேர்வு எழுதி வருகின்றனர். பதவியின் கதவு திறந்துவிட்டது. நூலின் கதவு திறந்ததா? அதுவே நாம் கேட்கும் கேள்வி.

இராமானுசன் கையில் இரு நூல்கள்

கணிதமேதை இராமானுசனைப் பற்றிப் பேசுவோர், தேவி அருளினாள், கனவில் சூத்திரம் தோன்றியது என்று கூறி மகிழ்வர். நாம் நூலகப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்கிறோம். 1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவ்வறியவீட்டுப் பிள்ளையின் கைக்கு இரு நூல்கள் வந்தன. ஒன்று, லோனி எழுதிய முக்கோணவியல். படிப்படியாகக் காரணம் காட்டிக் கற்பிக்கும் பாடநூல். மற்றொன்று, 1903இல் கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்திலிருந்து கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு. தேர்வுக்கு மாணவரை ஆயத்தம் செய்த ஆசிரியர் ஒருவர் ஆயிரக்கணக்கான தேற்றங்களை வரிசையிட்டு, நிறுவலை ஓரிரு சொல்லில் சுட்டியோ, சுட்டாமலோ அடுக்கிய நூல் அது. பார்வை நூல்களுள்ளும் வறண்ட வகை.

அந்த வறண்ட நூலையே இராமானுசன் பாடநூலாகக் கொண்டார், நிறுவல்களைத் தாமே கண்டார், உலகம் வியந்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கல்லூரித் தேர்வுகளில் மீண்டும் மீண்டும் தோற்றார். 1913இல் ஆர்டிக்கு எழுதியனுப்பிய முடிவுகளுள், பகா எண்களின் பரவல் பற்றிய சில தவறாக இருந்தன. விதி எங்கே பொய்க்கும் என்று காட்டும் நிறுவல் முறையை 1914இல் கேம்பிரிட்சு சென்ற பிறகே அவர் அறிய நேர்ந்தது. காரின் நூலால் ஓர் இராமானுசன் எழுந்தார் என்பதைக் கொண்டு, அத்தகைய நூலே போதும் என்று ஆயிரம் பிள்ளைகளிடம் கொடுப்பது அறிவுடைமை ஆகாது. மேதைக்குப் பொருந்திய விதிவிலக்கை ஊருக்கு விதியாக்கலாமா?

சொல் திறந்தால் பொருள் திறக்கும்

பாடநூல் எம்மொழியில் இருக்க வேண்டும் என்ற போராட்டமும் இவ்வரலாற்றின் பகுதியே. யாழ்ப்பாணத்தில் கரோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே வீசகணிதம் என்னும் நூலைத் தமிழில் தந்தார். 1916இல், தருமபுரியும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தின் தலைநகரில், இராசாசி முதலியோர் அறிவியற் கலைச்சொற் கழகம் ஒன்றை நிறுவினர். பல களங்களில் நம் இயக்கத்துக்கு எதிரே நின்றவர் அவர்; ஆயினும் அறிவியலைத் தமிழில் சொல்ல முயன்ற அப்பணியை மறைப்பது நேர்மையாகாது. பின்னர், கலைச்சொல் வடமொழியாக இருப்பதா, தமிழாக இருப்பதா என்ற வழக்கு எழுந்தது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1938இல் கலைச்சொற்கள் தொகுதியை வெளியிட்டுத் தமிழின் ஆற்றலைக் காட்டினர். பீசகணிதம் இயற்கணிதமாயிற்று, திரிகோணமிதி முக்கோணவியலாயிற்று.

இதனை மொழிப்பற்று என்று மட்டும் எண்ணுவோர்க்கு ஒரு சான்று காட்டுவோம். தொகையிடல் என்ற சொல்லைக் கேட்டதும், ஏதோ தொகுக்கப்படுகிறது என்று தமிழ்ப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. எது தொகுக்கப்படுகிறது? காவிரியைக் கேட்போம். தருமபுரி எல்லையை அடுத்த பிலிகுண்டுலுவில் காவிரி நீர் அளக்கப்படுகிறது. ஆற்றின் குறுக்கே அகலத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் ஓட்ட வேகத்தையும் கண்டு, பெருக்கி, எல்லாவற்றையும் தொகுப்பதே முறை. அதுவே தொகையிடல். 2018இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 ஆயிரம் கோடி கன அடி… அல்ல, 177.25 டி.எம்.சி., அதாவது 17,725 கோடி கன அடி நீர் என்று வரையறுத்தது. அந்த எண் நிறைவேறியதா என்று அறியத் தொகையிடல் தெரிய வேண்டும். ஒகேனக்கலில் பரிசல் தள்ளுபவன் மகளுக்கு அது தெரியக்கூடாது என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் தோன்றியது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் கற்க வழி செய்தது. 2013இல் தருமபுரிச் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரி எழுந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடத்தில் நின்ற மாவட்டம் இது. இங்கே கல்லூரிப் படியேறும் பிள்ளைகளுள் பலர் தம் குடும்பத்தில் முதலில் படியேறுவோர். அவர்கள் கையில் எந்த நூல் போய்ச் சேருகிறது என்பது, 1792இல் எந்த விதியால் நிலம் அளந்தார்கள் என்பதைப் போன்றே பெரிய கேள்வி.

தேர்வது எவ்வாறு?

கடைத்தெருவில் கிடைக்கும் நோட்சுகளைப் பாருங்கள். சூத்திரம், கேள்வி, விடை. மீண்டும் சூத்திரம், கேள்வி, விடை. காரணம் இல்லை, எல்லை இல்லை. ஓலைக்குப் பதில் தாள், எழுத்தாணிக்குப் பதில் அச்சு; மற்றபடி பழைய கணக்கன் ஏடே. தேர்வுக்கு முதல்நாள் அது உதவலாம். அதனைக் கொண்டு கற்றேன் என்பவன் ஏமாறுகிறான்.

கற்கும் நூலைத் தேர்வோர் கடையிலேயே மூன்று சோதனைகள் செய்யட்டும். முதலாவது, தெரிந்த விதி ஒன்றை அந்நூலில் தேடுக. அது ஏன் வந்தது என்று சொல்கிறதா? எப்போது பொருந்தாது என்று சொல்கிறதா? சொல்லாவிடில் நூலை வைத்துவிடுக. இரண்டாவது, பயிற்சிகளைப் பாருங்கள். எண்ணை மட்டும் மாற்றிய பத்துக் கணக்குகளா, அல்லது கிணறு, பாலம், நோய்ப்பரவல், கடன்வட்டி என்று உலகிலிருந்து எடுத்துச் சமன்பாடாக்கச் சொல்லும் கணக்குகளா? உலகைச் சமன்பாடாக்குவதே பயன்முறைக் கணிதம். தீர்ப்பது அதன் பாதிதான். மூன்றாவது, ஒரு பக்கத்தைப் படித்து அருகிலுள்ள தோழனுக்கு உங்கள் பேச்சிலே விளக்கிப் பாருங்கள். முடியாவிடில் அந்நூல் உங்களுக்கு இன்னும் உரியதன்று. அதற்கு முந்திய படியில் உள்ள நூலைக் கொள்க. ஆங்கில நூலோடு மல்லாடும் தமிழ்வழி மாணவர், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்க் கணிதப் பாடநூலை அருகில் வைத்துக்கொள்வது இழிவன்று, அறிவுடைமை.

இயக்கவியல், நிலையியல் பற்றி லோனி எழுதிய நூல்கள் பல தலைமுறை இந்திய மாணவர்க்குப் பயன்பட்டமைக்கு, அவற்றின் படிப்படியான கணக்குகளே காரணம். 1962இல் முதலில் வெளிவந்த கிரைசிக்கின் பொறியியற் கணிதம் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது. அதனை முதலிலிருந்து முடிவுவரை ஓத முனைந்தால் சோர்வே மிஞ்சும். வேண்டிய இயலை எடுத்துக் கணக்குப் போட்டுக் கற்றால் பாடநூலாகும், பின்னர்ப் பார்வை நூலாகவும் நிற்கும்.

பார்வை நூலுக்குச் சோதனை வேறு. அகரவரிசைச் சொல்லடைவு செம்மையாக உள்ளதா? குறியீடுகளின் பட்டியல் உண்டா? பிழைதிருத்தம் பெற்ற பதிப்பா? அச்சிட்ட அட்டவணை பொய் சொல்லாது என்று நம்புவது மூடநம்பிக்கையின் இன்னொரு வடிவம். மன்றோ பள்ளிக் கணக்குக் கேட்ட அதே 1822இல், இங்கிலாந்தில் சார்லசு பாபேசு கணக்கிடும் பொறியொன்றை முன்மொழிந்தார். கணித அட்டவணைகளில் மலிந்திருந்த பிழைகளே அவரை அதற்குத் தூண்டின. இக்காலத்தில் அமெரிக்க அரசு 1964இல் வெளியிட்ட கணிதச் சார்புகளின் கையேடு பார்வை நூலுக்கு எடுத்துக்காட்டு. அதன் வழித்தோன்றலை 2010 முதல் எவரும் கட்டணமின்றிக் கணினியில் காணலாம். அரசன் மகனுக்கும் ஆண்டி மகனுக்கும் ஒரே கையேடு! இத்தகையவற்றைத் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டா. படிப்பகமும் நூலகமும் எதற்கு இருக்கின்றன? கற்கும் நூல் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். அதன் ஓரங்களில் எழுதுங்கள். பார்வை நூல்களைப் பொதுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! ஊர்தோறும் படிப்பகம் கண்ட இயக்கம் நம்முடையது. அப்படிப்பகங்களின் அலமாரியில் வரலாறும் இலக்கியமும் நிற்கின்றன. கணிதம் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் இம்மாதமே ஒரு நல்ல பாடநூலை வாங்கி வையுங்கள். வாரத்தில் ஒரு மாலை, அறிந்தவர் அறியாதவர்க்கு ஒரு கணக்கைக் காரணத்தோடு விளக்கட்டும். பெண்பிள்ளைகள் முன்வரிசையில் அமரட்டும். 1826இன் கணக்கை நாம் இன்னும் முழுதும் தீர்த்து முடிக்கவில்லை. விதியை மட்டும் கற்றவன், அளப்பவன் சொல்லும் அளவை ஏற்றுக்கொள்வான். காரணத்தைக் கற்றவன், குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்து அளந்து காட்டு என்பான். அப்படிக் கேட்கும் பிள்ளைகள் பாராமகால் மண்ணில் பெருகட்டும்.